ஹாட் டப்பை, அதாவது உட்கார்ந்து ஊறும் வெந்நீர்த் தொட்டியை, "சின்ன டப்தானே" என்று வாங்கப் போனவர்கள் சொல்லுங்க, என்ன ஆச்சு?

நானே ஆரம்பிக்கிறேன். மொட்டை மாடியில் வைக்கத்தான் ஆசை. இருவர் உட்காரும் ஹாட் டப், 800 லிட்டர் பிடிக்கும். தளத்தைப் பார்க்க வந்த பொறியாளர் நீளம் அகலம் எதையும் கேட்கவில்லை. "தண்ணி எவ்வளவு ஆழம் சார் நிக்கும்?" என்றார். 70 சென்டிமீட்டர் என்றேன். "அப்போ சதுர மீட்டருக்கு 700 கிலோ. வீட்டுத் தளத்துக்கு வழக்கமா நாங்க கணக்கு வைக்கிறது 200 கிலோதான்." டப் எவ்வளவு சின்னதானாலும் ஆழம் குறைவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆட்களும் இறங்கினால் மொத்தம் ஒரு டன்னை நெருங்கும். மாடி ஆசையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தரையில் கான்கிரீட் போட்டேன்.

அடுத்தது சூடு. என்னுடையதில் இருப்பது 2 கிலோவாட் ஹீட்டர். 800 லிட்டரை ஒரு டிகிரி ஏற்றவே கிட்டத்தட்ட அரை மணி நேரம். 25-லிருந்து 38-க்குப் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. "இன்னைக்கு இறங்கலாமா?" என்று சாயங்காலம் கேட்டால், சூடாவதற்குள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அதனால் தண்ணீரைப் பீச்சும் ஜெட் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு மூடியைத் தட்டிப் பாருங்கள். சூட்டில் பெரும்பங்கு தண்ணீர்ப் பரப்பு வழியாகத்தான் போகிறது. என் மூடி ஓரத்தில் தையல் விட்டு, உள்ளே இருந்த நுரைப்பலகை தண்ணீர் குடித்துவிட்டது. ஒரு கையால் தூக்கியதை இப்போது இரண்டு பேர் பிடித்துப் புரட்டுகிறோம்.

*

அண்ணா, எங்க கதை இருக்கையில். கடையில் காலி டப்பில் உட்கார்ந்து பார்த்தேன். சாய்ந்து படுக்கிற இருக்கை, அவ்வளவு சொகுசு. வீட்டில் தண்ணீர் நிரப்பினதும் கால் தானா மேலே வந்துடுச்சு! நான் ஐந்தடிக்கும் குறைவு; விளிம்பைப் பிடிச்சுக்கிட்டே மிதக்கிறேன். அந்த ஒரு இருக்கையே பாதி இடத்தை அடைச்சுக்கிட்டதால அவர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். நாலு பேருக்குன்னு போட்டிருந்தா ரெண்டு பேருக்குன்னு வெச்சுக்கோங்க. தண்ணீர் நிரப்பிய டப்பில் இறங்கிப் பார்க்க விடுற கடையா தேடுங்க.

*

ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று யாருமே பார்ப்பதில்லை. என்னுடையதில் தோள் வரை கையை விட்டால்தான் எட்டும். அதனால் கழுவுவதைத் தள்ளிப்போட்டேன், ஊருக்குப் போகும்போது குளோரினும் போடவில்லை. நான்கு நாள் கழித்து வந்தால் தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. நம்பி இறங்கினோம். இரண்டாம் நாள் நீச்சலுடை ஒட்டியிருந்த இடமெல்லாம் சிவப்புக் கொப்புளம். சூடோமோனாஸ் என்ற கிருமியாம். வெந்நீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். இப்போது இறங்குமுன் சோதனைத் தாளை நனைத்துப் பார்க்கிறேன்: குளோரின் 3 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 3 பங்கு) குறையக் கூடாது, தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் 7 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும். சூடு 40 டிகிரியைத் தாண்டவே விடுவதில்லை. அப்பாவுக்கு இதய நோய் உண்டு. டாக்டரைக் கேட்காமல் அவரை இறக்கவில்லை.

இன்னொன்று, மின் இணைப்பில் கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

*

நீங்களெல்லாம் உள்ளே இறங்கின பிறகு பட்ட பாடு, எனக்கு டப்பே உள்ளே வரவில்லை. பக்கவாட்டில் நிமிர்த்திக் கொண்டுவருவார்கள் என்று தெரிந்து, சந்தின் அகலத்தையும் டப்பின் உயரத்தையும் அளந்து வைத்திருந்தேன். நான்கு சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது. சுவரில் நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை அளக்கவில்லை. பிளம்பர் வரும்வரை இரண்டு நாள் டப் வாசலிலேயே நின்றது, எதிர்வீட்டுப் பூனை உள்ளே படுத்துக்கொண்டது.