5/121-ஐ அலகு பின்னங்களாகப் பிரிக்க உதவி தேவை (அவசரம்)

தாள்முனை: 5/121-ஐ அலகு பின்னங்களாக (1/2, 1/3 போல மேலே 1 உள்ளவை) எழுத வேண்டும். 1/25 எடுத்தேன், அப்புறம் 1/757, அப்புறம் 1/763309. அடுத்ததற்கு 12 இலக்கம் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

எண்கோலம்: இதுவரை தப்பில்லை. ஆனால் கூட்டல் மட்டும்தானா, கழித்தலும் உண்டா? ஒரே பின்னம் திரும்ப வரலாமா? வரலாம் என்றால் 1/121-ஐ ஐந்து முறை எழுதிவிட்டுப் போகலாமே.

பழையபலகை: கேள்வியை முழுதாக எழுதப் பழகுங்கள், எத்தனை முறை சொல்வது? நீங்கள் போடுவது பேராசை முறை: அடங்குவதில் மிகப் பெரிய அலகு பின்னத்தை முதலில் எடுப்பது. பிபோனாச்சி 1202-லேயே எழுதிவிட்டார். மீதியின் தொகுதி படிக்குப் படி குறையும். உங்கள் கணக்கில் 5, 4, 3, 2, 1. ஐந்தாவது பின்னத்தோடு முடியும், அதன் பகுதி 25 இலக்கம். பொறுமையாகப் போடுங்கள்.

கூறுகட்டு: 25 இலக்கம் எதற்கு? மேலும் கீழும் 3-ஆல் பெருக்கினால் 15/363. 363-இன் வகுத்திகள் 1, 3, 11, 33, 121, 363. இவற்றில் 11 + 3 + 1 = 15. ஆக 1/33 + 1/121 + 1/363. பகுதியின் வகுத்திகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும், எப்போதும்.

எண்கோலம்: கழித்தல் உண்டென்றால் இரண்டே போதும். 121 = 5 × 24 + 1. எனவே 1/24 − 1/2904. (24 × 121 = 2904.)

பழையபலகை: எகிப்தியப் பின்னம் என்றால் வெவ்வேறு அலகு பின்னங்களின் கூட்டல்; கழித்தால் அது எகிப்தியப் பின்னமே இல்லை. ரைண்ட் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியக் கணக்குச் சுவடியில் உள்ள 2/n அட்டவணையைப் பாருங்கள், எல்லாம் கூட்டல்தான்.

கூறுகட்டு: எகிப்தியர்களே 2/3-க்குத் தனிக் குறி வைத்திருந்தார்களே, அது அலகு பின்னமா? தலைப்பிலும் எகிப்து என்று இல்லை.

பழையபலகை: 2/3 ஒரு விதிவிலக்கு. அதை வைத்துக் கழித்தலை உள்ளே கொண்டுவர முடியாது.

எண்கோலம்: பெயர் எதுவானாலும் சரி, கழித்தலை அனுமதிப்பது கணக்கையே மாற்றிவிடுகிறது. 4/n-ஐ எடுங்கள். n ஒன்றைவிடப் பெரிய ஒற்றைப்படை எண் என்றால் அது 4k + 1 அல்லது 4k − 1. முதலாவதற்கு 1/k − 1/(kn), இரண்டாவதற்கு 1/k + 1/(kn). இரண்டு பின்னத்தில் முடிந்துவிட்டது. கூட்டல் மட்டும் என்றால், மூன்று பின்னம் எப்போதும் போதும் என்பது 1948-இலிருந்து எர்டோஷ்–ஸ்ட்ராஸ் ஊகமாகவே நிற்கிறது, நிரூபணம் இல்லை. அதனால்தான் முதலிலேயே கேட்டேன்.

தாள்முனை: மன்னிக்கவும், "கூட்டல் அல்லது கழித்தல்" என்று கேள்வியிலேயே இருக்கிறது, எழுத விட்டுப்போச்சு. 1/24 − 1/2904 சரியாக வருகிறது. நன்றி.

மீதிஇரண்டு: இதே வழியில் 7/121 போட்டேன். 121 = 7 × 17 + 2, அதனால் 1/17 − 2/2057. அந்த 2/2057-ஐயும் பிரித்தால் மொத்தம் மூன்று பின்னம் ஆகிறது. இரண்டில் முடிக்க வழி உண்டா?