ஊட்டி தாவரவியல் பூங்கா: மூட்டுவலியுள்ள அம்மாவோடு போக யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. வருகிற மாதம் அம்மாவை ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போக இருக்கிறேன். அவருக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சமதரையில் கால்மணி நேரம் நடப்பார், ஏற்றம் என்றால் பத்தடிக்கு ஒருமுறை நின்று என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

கல்லூரிச் சுற்றுலாவில் ஒருமுறை போயிருக்கிறார். அங்கே இருக்கும் 2 கோடி வருடப் பழைய கல்மரத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். பட்டையின் வரிகூட அப்படியே தெரியும், ஆனால் தொட்டால் அம்மிக்கல் மாதிரி சில்லென்று இருக்கும் என்பார். அதை எப்படியாவது மறுபடி காட்டிவிட வேண்டும்.

1848-ல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய இந்தப் பூங்கா 55 ஏக்கர், அதுவும் தொட்டபெட்டா மலைச் சரிவில் படிப்படியாக ஏறுகிறது. அதனால்தான் கேட்கிறேன்: வாசலிலிருந்து கல்மரம் வரை படிக்கட்டு இல்லாத பாதை உண்டா? சக்கர நாற்காலி அங்கேயே கிடைக்குமா, நாங்கள் கொண்டுபோக வேண்டுமா? பேட்டரி வண்டி இப்போது ஓடுகிறதா? மேலே தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) வரை ஏறும் எண்ணமில்லை, கண்ணாடி மாளிகையும் இத்தாலியப் பூங்காவும் பார்த்தால் போதும்.

ஊட்டிக்கு வண்டியில் போக வேண்டிய இ-பாஸ் எடுத்துவிட்டேன், பிளாஸ்டிக் பாட்டில் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில்தான். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம் வேண்டாம் என்றுதான் தள்ளிப்போட்டோம். அப்புறம், காலை எத்தனை மணிக்குப் போனால் கூட்டமில்லாமல் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்க முடியும்? சமீபத்தில் பெரியவர்களோடு போனவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.