சிவெட்டோன் கட்டி உருகிவிட்டது, இனி பயன்படுமா?

மல்லிகை_பந்திங்: மலேசியாவில் பந்திங் பக்கம் எஸ்டேட் வீட்டில் சோப்பும் சாம்பிராணியும் செய்து விற்கிறேன். புனுகு வாசனைக்காக, புனுகில் மணக்கும் முக்கியப் பொருளான சிவெட்டோனை ஆன்லைனில் 5 கிராம் வாங்கினேன், இரவில் வெள்ளைக் கட்டியாக இருந்தது, மறுநாள் மத்தியானம் பார்த்தால் எண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. கெட்டுவிட்டதா? மூடியைத் திறந்தால் நெடியும் தாங்கவில்லை. புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டி எடுத்ததென்றால் சாமி காரியத்துக்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார், எனக்கும் அதுதான் மனதை உறுத்துகிறது.

லேப்_தம்பி: கெடவில்லை அக்கா. அது உருகுவதே 31, 32 டிகிரியில்தான், நம் ஊர் மத்தியான வெயிலுக்குக் கேட்கவா வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் மறுபடி கட்டியாகும். 17 கார்பன் கைகோத்த பெரிய வளையம், அதில் ஒரு கீட்டோன் (ஆக்சிஜன் ஒட்டிய கார்பன்), இரு கார்பனுக்கு நடுவே ஒரு இரட்டைப் பிணைப்பு, அவ்வளவுதான் சிவெட்டோன். மூலக்கூறு கனம் என்பதால் மெதுவாகத்தான் ஆவியாகும், கூடச் சேர்க்கும் மல்லிகை, சந்தன வாசனையையும் பிடித்து வைக்கும். தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். 1 கிராமை 99 கிராம் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு நாள் விட்டு முகர்ந்து பாருங்கள், நெடி போய் மணம் வரும். சோப்பிலும் போடலாம், எஸ்டர் வகை வாசனைப் பொருட்கள் சோப்பின் காரத்தில் (அல்கலியில்) உடைவது போல இது உடையாது.

இவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்றுதான் வேதியியலார் நம்பியிருந்தார்கள். 1926-இல் ருசிக்கா என்ற வேதியியலார் இதன் அமைப்பையும் கஸ்தூரியில் உள்ள மஸ்கோனின் 15 கார்பன் வளையத்தையும் கண்டுபிடித்து அந்த நம்பிக்கையை உடைத்தார், 1939-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

செம்பனை_மகன்: மாமியாரிடம் சொல்லுங்கள் அக்கா, பூனையிடம் எடுத்த புனுகு மஞ்சளும் பழுப்புமாகப் பசை போல இருக்கும், பல பொருள் கலந்தது. வெள்ளைக் கட்டியாகத் தனிச் சிவெட்டோன் வந்திருந்தால் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான், எதற்கும் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் செம்பனை எண்ணெயிலிருந்தே இதைச் செய்யலாம் என்று 1994-இல் மலேசிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எண்ணெயில் உள்ள 18 கார்பன் ஒலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை மாற்றி, இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கி, ஒரு கார்பனைக் கழற்றினால் 17. அப்பா வெட்டிய குலையிலிருந்து சாமிக்கு வாசனை வரும் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அப்புறம், இரவில் தோட்டத்தில் பழம் தின்ன வரும் மூசாங் (மரநாய்) புனுகுப் பூனை இல்லை, வேறு வகை, அதன் மேல் பண்டான் இலை மணம்தான் வரும்.

மல்லிகை_பந்திங்: ஃபிரிட்ஜில் வைத்தேன், உறைந்துவிட்டது. விற்றவரும் செயற்கைதான் என்று எழுதி அனுப்பினார். வெள்ளிக்கிழமை பூசைக்கு முதல் சாம்பிராணியை மாமியாரே ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.