மேசை ரம்பத்தில் பிளேடு மாற்றுதல்: மூன்று சொற்கள் வேண்டும்

சேலத்திலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் மரவேலைப் பிரிவுக்குப் புதிதாக ஒரு டேபிள் சா வந்திருக்கிறது. திங்கட்கிழமை புது மாணவர்கள் சேருகிறார்கள். அதற்குள், பிளேடு மாற்றும் முறையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டியாக வேண்டும். கூடவே வந்த கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை யாரும் திறக்கப் போவதில்லை. நான் எழுதி வைத்திருப்பது இது:

"சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும்படி மேசைமேல் வை. பிளேடு தானாக நிற்கும்வரை காத்திரு, கட்டையை வைத்து அழுத்தி நிறுத்தாதே. மேலுறையைக் கழற்று. பிளேடைச் சுற்றியுள்ள வாய்த்தகட்டை எடு. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்று. முன்பக்கப் பல்லுக்கும் மேசைக்கும் இடையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துப் பிளேடு திரும்பாமல் பிடி. ஆர்பர் நட்டைத் தளர்த்து. நட்டு, வாஷர், பிளேடு என்ற வரிசையில் கழற்று. புதுப் பிளேடின் மேற்பற்கள் உன்னைப் பார்க்க வேண்டும். ரைவிங் நைஃபைச் சரிபார்த்த பிறகே வாய்த்தகட்டையும் மேலுறையையும் மாட்டு. பிளக் கடைசியில்."

மூன்று இடத்தில் எனக்குத் திருப்தி இல்லை. பிளேடு மாட்டியிருக்கும் தண்டான ஆர்பர், பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடான ரைவிங் நைஃப், அப்புறம் நட்டு எந்தப் பக்கம் கழலும் என்பதைச் சொல்லும் சொல். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பார்த்ததும் புரிந்துகொள்ளும் சொல்லாகக் கொடுங்கள். ஞாயிறு இரவு அச்சுக்குப் போகிறது.

தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள சேலத்துத் தம்பிக்கு, நல்ல பணி. ஆனால் தலைப்பிலேயே இடறுகிறதே. ரகரம் மொழிக்கு முதலில் வராது. 'ரம்பம்' என்று எழுதினால் நன்னூல் படித்தவன் கை கூசும். 'இரம்பம்' என்றாவது எழுதுங்கள். என் கருத்தில் 'அரம்பம்' என்பதே முதல் வடிவம். அராவுதல், அரம், அரம்பம். முன்னிருந்த அகரம் பேச்சில் தேய்ந்து ரம்பம் ஆகியிருக்கிறது.

அதைவிட நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. "நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாளது" என்கிறார் வள்ளுவர். ஈர்தல் என்றால் அறுத்தல். இங்கே வாள் போர்வாள் அன்று, ஒரே சீராக முன்னும் பின்னும் ஓடி மரத்தை அறுக்கும் ஈர்வாள். அப்படிப் படித்தால்தான் 'நாள்' என்ற உவமையின் அழகு தெரியும். ஆகவே இயந்திரம் மேசை ஈர்வாள். பிளேடு அலகு. ஆர்பருக்கு 'இருசு' இருக்கிறதே, மாட்டு வண்டிச் சக்கரம் கோத்திருக்கும் தண்டு. ரைவிங் நைஃப் 'பிளவுக் கத்தி'. நேரான மொழிபெயர்ப்பு, 'ரைவிங்' என்றாலே பிளத்தல்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து, தளபாடப் பட்டறை வைத்திருப்பவர்:

ஐயாவின் ஈர்வாளைக் கண்டு மகிழ்ச்சி. எங்கள் பக்கம் இன்றைக்கும் 'வாள்' என்றால் மரம் அரியும் வாள்தான். பட்டறையில் "அந்த வாளை எடு" என்றால் ஒருவரும் சண்டைக்கு எடுப்பதாக நினைக்க மாட்டார்கள். நீங்கள் அறுக்கிறீர்கள், நாங்கள் அரிகிறோம். உங்களுடைய இழைப்புளி எங்களுக்குச் சீவுளி. குறளில் உள்ள பொருள் எங்களிடம் பழக்கத்தில் இருக்கும்போது அதைப் புதிதாக ஆக்க வேண்டிய தேவை இல்லை.

ஆனால் அலகு வேண்டாம். நீளம், எடை, மின்சாரம் எல்லாவற்றையும் அளக்கிற அலகு பிள்ளைகளின் மனதில் முதலில் வரும். "அலகை மாற்று" என்று சுவரில் கண்டால் மில்லிமீட்டரை அங்குலமாக மாற்றச் சொல்வதாக நினைப்பார்கள்.

கோவையிலிருந்து, மரப்பட்டறை நடத்துபவர்:

எல்லோருக்கும் வணக்கம். ரம்பமா வாளா என்பதைப் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகள் கை வைக்கப் போவது நட்டிலும் ரைவிங் நைஃபிலும். எனவே அந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தஞ்சை ஐயா மன்னிக்க வேண்டும், 'பிளவுக் கத்தி' ஆபத்தான சொல். அந்தத் தகடு எதையும் பிளப்பதில்லை, அதற்குக் கூர்மையும் கிடையாது. பிளேடுக்குப் பின்னால் சும்மா நிற்கிறது. மரத்துக்குள் இறுக்கம் இருந்தால் அறுத்த இடம் பின்னாலேயே மூடிக்கொள்ளும். மூடினால் பிளேடின் பின்பக்கப் பற்களைக் கவ்வும். அந்தப் பற்கள் கீழிருந்து மேலே வருபவை. கவ்விய கட்டையைத் தூக்கி, மேற்பற்கள் ஓடும் திசையிலேயே, அதாவது நிற்கிறவர் வயிற்றை நோக்கி எறிந்துவிடும். அறுத்த வாயை மூடவிடாமல் வைத்திருப்பதுதான் அந்தத் தகட்டின் வேலை. 'கத்தி' என்று பெயர் வைத்தால், வேலைக்கு வருகிற பையன் "இந்தக் கத்தி ஒன்றையும் வெட்டவில்லையே, எதற்கு இது" என்று கழற்றி ஓரமாக வைத்துவிடுவான். என் பட்டறையில் சேர வருகிறவர்களிடம் இதைத்தான் பார்க்கிறேன். வேறு இடங்களில் பழகியபோது அந்தத் தகட்டைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள்.

சேலத்து ஆசிரியருக்கு இன்னொன்று. "சரிபார்" என்று மட்டும் எழுதினால் எதைச் சரிபார்ப்பது? தகட்டின் கனம் பிளேடு உடம்பின் கனத்தைவிடக் கூடுதலாக, பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பல் அகலம் 2.8 மில்லிமீட்டர், உடம்பு 1.8 என்றால் தகடு 2.2 அல்லது 2.3 சரியாக இருக்கும். மெல்லிய பிளேடாக மாற்றிவிட்டுப் பழைய தகட்டை விட்டுவைத்தால் கட்டை அதில் முட்டி நின்றுவிடும், பிள்ளை பலம் கொண்டு தள்ளும். அது இன்னும் மோசம். பல் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே 3 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

'இருசு' பற்றியும் ஒரு வார்த்தை. வண்டியில் இருசு நிற்கும், சக்கரம் அதன்மேல் சுழலும். இங்கே தண்டே சுழல்கிறது, பிளேடு அதோடு ஒட்டிச் சுழல்கிறது. நட்டு ஏன் ஒரு பக்கம் இறுகி மறு பக்கம் கழல்கிறது என்பதே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வண்டியை மனதில் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அது பிடிபடாது. 'சுழல்தண்டு' போதும்.

டொராண்டோவிலிருந்து, கையேடு மொழிபெயர்ப்பவர்:

சுழல்தண்டுக்கு என் ஆதரவு. வினைத்தொகை என்பதால் மூன்று காலத்துக்கும் நிற்கும், ஒற்றும் மிகாது.

நட்டு விஷயத்தில் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். எல்லா இயந்திரத்திலும் ஒரே மரை, அதாவது நட்டின் உள்முறுக்கு, இல்லை. சாய்த்து அறுக்கும்போது பிளேடு இடப்பக்கம் சாயும் வகை இயந்திரத்தில் நட்டு பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும், அது வழக்கமான மரை. வலப்பக்கம் சாயும் வகை இயந்திரத்தில் நட்டு இடப்பக்கம், மரையும் தலைகீழ். ஓடும்போது நட்டு தானாக இறுகிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். ஒரு வகையைப் பழகியவர் மற்றதில் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார். ஆகையால் மரைக்கே பெயர் வேண்டும். வழக்கமானதை 'வலம்புரி மரை', தலைகீழானதை 'இடம்புரி மரை' என்று வைக்கலாம். கேட்டவுடன் முறுக்கு கண்ணில் தெரிகிறது.

துளை அளவையும் சுவரில் சேருங்கள். இங்கே 10 அங்குலப் பிளேடுக்கு 5/8 அங்குலத் துளை, ஐரோப்பாவில் 30 மில்லிமீட்டர், உங்கள் பக்கம் 1 அங்குலம் அதிகம். தண்டில் ஆடுகிற பிளேடை யாரும் மாட்டக் கூடாது. பிளேடில் அச்சிட்ட உச்ச வேகமும் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையக் கூடாது.

தஞ்சையிலிருந்து:

இடம்புரி, வலம்புரி இரண்டும் அருமை. இதோடு வலஞ்சுழி, இடஞ்சுழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவாமிமலைக்குப் பக்கத்தில் திருவலஞ்சுழி இருக்கிறது. காவிரி அங்கே வலமாகச் சுழித்து ஓடியதால் வந்த பெயர் என்பார்கள். கடிகாரம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே சுழலும் திசையைச் சொல்ல நமக்குச் சொல் இருந்திருக்கிறது. 'கடிகார முள் திசை' என்று மூன்று சொல் எழுத வேண்டிய அவசியமே இல்லை. புரி என்றால் முறுக்கு, முப்புரி நூலிலும் வைக்கோல் புரியிலும் வருகிற அதே புரி. சுழி என்றால் சுழற்சி. பொருளின் அமைப்புக்குப் புரி, அது திரும்பும் திசைக்குச் சுழி என்று பிரித்து ஆண்டால் குழப்பமே வராது.

கோவை அம்மா சொன்ன விளக்கத்துக்குப் பிறகு பிளவுக் கத்தியை நான் வலியுறுத்தவில்லை. ஆனால் அவர் சொன்ன வேலையைச் செய்கிற பொருள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஆப்பசைத்த குரங்கை நினைத்துப் பாருங்கள். தச்சர்கள் பாதி அறுத்த மரத்தின் வாய் மூடாமல் இருக்க ஆப்பு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். குரங்கு அதை அசைத்துப் பிடுங்கியது, மரம் மூடிக்கொண்டது, அது நசுங்கிச் செத்தது. பஞ்சதந்திரத்தைக் கேட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தத் தகட்டின் வேலை தெரியும். எனவே 'ஆப்புத்தகடு'. வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நல்ல சொல். பெரிய குற்றிகளைக் கையால் அரிந்த காலத்தில் எங்களிடமும் அரிந்த வாய்க்குள் ஆப்பு இறுக்குவார்கள். வாள் இறுகாமல் ஓடும். தச்சருடைய அனுபவம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சேலத்திலிருந்து:

ஆப்புத்தகட்டைப் படித்ததும் எனக்கும் பிடித்தது. ஆனால் வகுப்பை நினைத்துப் பார்க்கிறேன். "ஆப்பு வைத்துவிட்டான்" என்பதற்கு இன்று தெருவில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பாதுகாப்புப் பாடம் நடக்கும்போது நாற்பது பேரும் சிரித்தால் அடுத்த வரி காதில் ஏறாது. 'இடைத்தகடு', 'வாய்காப்பான்' இரண்டும் யோசித்தேன். வாய்காப்பான் மேலுறையோடு குழம்பும்.

கோவையிலிருந்து:

சிரிக்கட்டும், தம்பி. சிரித்த சொல் மறக்காது. "ஆப்பைக் கழற்றினால் உனக்குத்தான் ஆப்பு" என்று ஒரு தடவை சொல்லுங்கள், அந்தத் தகடு இயந்திரத்தை விட்டு நகராது. இடைத்தகடு என்றால் எதற்கு இடையில் என்று நீங்கள் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வலஞ்சுழிக்குத்தான் நான் ஒப்பவில்லை. ஐயா, சொல்லில் குறை இல்லை. இயந்திரத்தின் வலப்பக்கம் நின்று பார்த்தால் பிளேடு இடஞ்சுழி, இடப்பக்கம் நின்று பார்த்தால் அதே பிளேடு வலஞ்சுழி. குனிந்து, மேசைக்குள் கையை விட்டு, ஸ்பேனரைப் பிடித்திருக்கிறவருக்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று யோசிக்க நேரம் இல்லை. மரை வலம்புரியோ இடம்புரியோ, இரண்டு வகைக்கும் ஒரே விதிதான்: பிளேடு ஓடுகிற பக்கமே நட்டு கழலும். மேலே நிற்கும் ஸ்பேனர் பிடியை உன் பக்கம் இழுத்தால் கழலும், எதிர்ப்பக்கம் தள்ளினால் இறுகும். இறுக்கும்போது மரத்துண்டைப் பின்பக்கப் பல்லுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். முழு பலத்தையும் போட்டு முறுக்கத் தேவையில்லை. இதற்குக் கலைச்சொல் வேண்டாம், ஒரு அம்புக்குறி போதும்.

அப்புறம், பிளேடைக் கழற்றும்போது தடித்த துணியால் பிடிக்கலாம். இயந்திரம் ஓடும்போது கையுறையே ஆகாது. இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள், பாதியை மட்டும் படித்துவிட்டுக் கையுறையோடு அறுக்க வந்து நிற்பார்கள்.

டொராண்டோவிலிருந்து:

அம்புக்குறி சுவருக்குச் சரி. எனக்கு முன்னால் இருப்பது நூறு பக்கக் கையேடு, அங்கே சொல் வேண்டும். உதிரிப் பாகம் வாங்கும்போது "உன் பக்கம் இழுத்தால் கழலும் நட்டு" என்று கடையில் கேட்க முடியாது. இடம்புரி மரையை நான் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். ஆப்புத்தகட்டையும்.

சேலத்திலிருந்து:

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு 'மேசை ரம்பம்'. பிளேடு, நட்டு, வாஷர் அப்படியே இருக்கின்றன. ஆர்பர் சுழல்தண்டு ஆகிவிட்டது. ரைவிங் நைஃப் ஆப்புத்தகடு, பக்கத்தில் சிறிய எழுத்தில் 'அறுத்த வாயை மூடவிடாத தகடு, கழற்றாதே' என்று இருக்கும். நட்டுக்கு அருகில் சிவப்பு அம்பு, "உன் பக்கம் இழு, கழலும்". தகட்டின் கன அளவும் கையுறை விதியும் தனித்தனி வரிகளாகப் போயிருக்கின்றன. நேரம் ஒதுக்கிய எல்லோருக்கும் நன்றி.

தஞ்சையிலிருந்து:

ஆப்புத்தகடு நிலைத்ததில் நிறைவு. ரகரத்தைத் தலைப்பில் வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த அச்சில் 'அரம்பம்' என்று மாற்றிப் பாருங்கள். ஒரே ஓர் எழுத்துத்தான் கூடும், மாணவர்களுக்கு எந்தத் தடுமாற்றமும் வராது. அரம், அராவு என்ற வேர் பற்றிய சான்றுகளைத் தனி மடலில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, ஓசை ஒத்திருப்பது மட்டும் வேருக்குச் சான்றாகாது. உங்கள் மடலுக்குக் காத்திருக்கிறேன். அதுவரை நாங்கள் வாள் என்றே எழுதுவோம்.