திருமண வீடியோ எடிட்டிங்குக்குக் கணினி: உதிரிபாகங்களாக வாங்கிச் சேர்ப்பதா, முழுமையாக வாங்குவதா?

குடந்தை ஸ்டுடியோ (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்திவருகிறேன். திருமணம், காதணி விழா, மணிவிழா போன்ற நிகழ்ச்சிகளைப் படம்பிடித்து, வீடியோவை எடிட் செய்து, ஆல்பமும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். இப்போது என்னிடம் உள்ள கணினியில் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ7 செயலி. அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, புதிதாக வாங்கிய கேமராவின் 4கே காட்சிகளை (ஹெச்.265 என்ற வீடியோச் சுருக்க முறை, 10 பிட் வண்ணம், 4:2:2) எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வைத்தால் படம் நின்று நின்றுதான் ஓடுகிறது. ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய் வரை ஒதுக்க முடியும். மானிட்டர் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கணினிக் கடைக்காரர், வேண்டிய பாகங்களைச் சொன்னால் வரவழைத்துச் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். நானே சேர்த்துக்கொள்வதானாலும் பாகங்களை வாங்கித் தருவார். ஷோரூமிலோ, பெரிய நிறுவனம் ஒன்றின் மேசைக்கணினியை, மூன்றாண்டுகளுக்கு நம் இடத்துக்கே வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதத்துடன் ஏறக்குறைய அதே விலைக்குத் தருகிறார்கள். விலை நெருங்கிவிட்டதால்தான் முடிவெடுக்க முடியவில்லை. தொழிலுக்கு எது பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மின்சுற்று

வணக்கம். உங்கள் கேள்வியிலேயே விடைக்கான முக்கியக் குறிப்பு இருக்கிறது: 4:2:2. வண்ணத் தகவலில் எவ்வளவு பதிவாகிறது என்பதைக் காட்டும் எண் இது. பெரும்பாலான கைபேசிகளும் பழைய கேமராக்களும் 4:2:0 முறையில் பதிவு செய்கின்றன. அதில் வண்ணத் தகவல் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. 4:2:2 முறையில் பாதி எஞ்சுகிறது. பட்டுப்புடவையின் நிறத்தை எடிட்டிங்கில் திருத்தும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் என்பதால் உங்கள் கேமராத் தேர்வு சரியானதே. ஆனால் சுருக்கிப் பதிவான இந்த வகைக் கோப்பை விரித்துக் காட்டுவதற்கென்றே அமைந்த வன்பொருள் கணினியில் இல்லாவிட்டால், முழுச் சுமையும் செயலியின் கோர்கள் எனும் கணக்கிடும் பகுதிகளின் மீது விழுகிறது. நீங்கள் சொல்லும் தடங்கலுக்கு அதுவே காரணம்.

ஹெச்.265 4:2:2 காட்சிகளை வன்பொருளிலேயே விரிக்கும் திறன், பதினோராம் தலைமுறை முதலான இன்டெல் மேசைக்கணினிச் செயலிகளின் உள்ளமைந்த கிராபிக்ஸில் இருக்கிறது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இது சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய 40 வரிசையின் விலை உயர்ந்த கார்டுகளிலும் கிடையாது. இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயங்காது. ஆகவே ‘எஃப்’ செயலியும் 40 வரிசைக் கார்டும் கொண்ட ஒரு கணினி விளையாட்டுகளில் மிக வேகமாக இருந்தாலும், உங்கள் காட்சிகளின் முன் திணறும். ஆயத்தமாக விற்கப்படும் கணினிகளில் இந்த இணை அடிக்கடி தென்படுகிறது, ஏனெனில் அவை விளையாட்டை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகின்றன.

பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருக்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் கோர் அல்ட்ரா 7 265கே (265கேஎஃப் அன்று), 16 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 ரேம்கள் என்று தொடங்குவேன். அந்தக் கார்டு 8 ஜிபியிலும் வருகிறது. பெயர் ஒன்றே என்பதால் பில்லில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒற்றை 32 ஜிபி ரேமைவிட இரண்டு 16 ஜிபி ரேம்கள் மேல், ஏனெனில் செயலிக்கும் ரேமுக்கும் இடையிலுள்ள இரண்டு தடங்களிலும் தரவு செல்லும். நான்கு ரேம்களாகப் போட்டால் டிடிஆர்5இல் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கவேண்டியிருக்கும்.

பணத்தை மிச்சப்படுத்த முனையக் கூடாத இடம், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பாகமான எஸ்எம்பிஎஸ். கார்டுக்கு 180 வாட், செயலிக்கு உச்சத்தில் 250 வாட் என்று கணக்கிட்டால், பெயர்பெற்ற தயாரிப்பில் 650 அல்லது 750 வாட் போதும். ஆயத்தக் கணினிகளின் விளம்பரத்தில் செயலியும் கார்டும் பெரிய எழுத்தில் இருக்கும். எஸ்எம்பிஎஸ் எந்தத் தயாரிப்பு என்பதைப் பல நேரங்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலுவலகப் பராமரிப்பு

மின்சுற்று சொன்ன 4:2:2 விவரம் மிகவும் பயனுள்ளது, அதை மறுக்கவில்லை. ஆனால் பல அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை வேறொரு முனையிலிருந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வைகாசி மாதத்தில், அடுத்தடுத்து முகூர்த்தங்கள் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் கணினி இயங்கவில்லை என்றால் அன்று யாரை அழைப்பீர்கள்?

பாகங்களாக வாங்கிய கணினியில் உத்தரவாதமும் பாகம் பாகமாகவே இருக்கிறது. பெட்டியில் வரும் செயலிக்கு மூன்றாண்டு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து முதல் பத்தாண்டு, எஸ்எஸ்டிக்கு மூன்று அல்லது ஐந்தாண்டு என்று ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் ஆயத்தக் கணினியைவிட இது நீளமானதுதான். ஆனால் எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. கண்டுபிடித்தபின் அதைக் கழற்றி, திருச்சியிலோ சென்னையிலோ உள்ள சேவை மையத்துக்கு அனுப்பி, மாற்றுப்பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டுப் பார்க்க இன்னொரு ரேமோ எஸ்எம்பிஎஸ்ஸோ கையில் இல்லாதவருக்கு முதல் படியே கடினம்.

2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் வெளிப்பட்ட நிலைகுலைவை நினைவுபடுத்துகிறேன். அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் செயலியே மெல்லச் சிதைந்தது. ஆனால் திரையில் தோன்றிய பிழைச்செய்திகள் கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்றும், மென்பொருள் கோப்பு கெட்டிருக்கிறது என்றும் காட்டின. கார்டையும் ரேமையும் மாற்றிப் பார்த்துப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. இன்டெல் பின்னர் மைக்ரோகோடு (செயலிக்குள் இயங்கும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டுகள் நீட்டித்தது. முழுக் கணினியாக வாங்கியவர்கள் அதை விற்ற நிறுவனத்தை அணுகினால் போதுமாயிருந்தது. நோயைக் கண்டறியும் வேலை அவர்களுடையதாக இல்லை.

ஆயத்தக் கணினியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் சில, பொதுத் தரமான ஏடிஎக்ஸ் அமைப்புக்கு மாறான மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கொண்டவை. அவற்றின் இணைப்பு முனைகளே வேறு என்பதால், உத்தரவாதம் முடிந்தபின் எஸ்எம்பிஎஸ் போனால் கடையில் கிடைக்கும் எதையும் பொருத்த முடியாது. கேபினெட் சிறியதாக இருந்தால் பிற்காலத்தில் பெரிய கார்டும் நுழையாது. ஷோரூமில் இதைக் கேட்டுத் தெளிவுபெறுங்கள். நம் இடத்துக்கே வந்து செய்யும் சேவை என்பது கும்பகோணத்துக்குப் பொருந்துமா, எத்தனை வேலைநாளுக்குள் வருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

விலை நெருங்கியதற்கும் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிப்பதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. நினைவகத் தயாரிப்பாளரான மைக்ரான் நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில், நுகர்வோருக்கு ரேம், எஸ்எஸ்டி விற்கும் தன் க்ரூஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. சில்லறையில் வாங்கும் நமக்கு இந்த ஏற்றம் உடனே சுடுகிறது. மொத்த ஒப்பந்தத்தில் முன்பே வாங்கிவைத்த நிறுவனங்களின் கணினிகளில் அது தாமதமாக ஏறக்கூடும். நானே சேர்த்தால் மலிவு என்ற பழைய கணக்கை இன்று அப்படியே நம்பக் கூடாது.

குடந்தை ஸ்டுடியோ

இருவருக்கும் நன்றி. கேமராவின் பதிவு முறையைப் பார்த்தேன், ஹெச்.265தான், ஆனால் சில அமைப்புகளில் ஹெச்.264 4:2:2ஆகவும் பதிவு செய்கிறது. நானே சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பாகங்களை நான் முடிவு செய்து, கடைக்காரர் சேர்த்துத் தருவதாக வைத்துக்கொண்டால், அவரிடம் எவற்றைக் கேட்டு வாங்கவேண்டும்? மின்வெட்டுக்கு இப்போது வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

பொன்னி வாசகர்

உங்கள் நிலைக்கு இந்த இடைவழிதான் பொருந்தும் என்பது என் கருத்து. அது நன்றாக அமைவது பில்லைப் பொறுத்தது. ‘கணினி ஒன்று’ என்று ஒரே வரியில் பில் போட்டால், நாளை எஸ்எஸ்டி பழுதானால் அதன் தயாரிப்பாளரிடம் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்காது. ஒவ்வொரு பாகமும் மாதிரிப் பெயருடனும் வரிசை எண்ணுடனும் ஜிஎஸ்டி பில்லில் இருக்கவேண்டும். முழுக் கணினியானாலும் பாகங்களானாலும் வரி 18 விழுக்காடுதான் என்பதால் பில் இல்லாமல் மலிவாகத் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். உங்கள் ஸ்டுடியோ ஜிஎஸ்டியில் பதிவு பெற்றதானால், பில்லில் உங்கள் பதிவு எண் இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

செயலி ‘பாக்ஸ்’ வகையா ‘டிரே’ வகையா என்று கேளுங்கள். டிரே வகை, கணினித் தயாரிப்பாளர்களுக்காக மொத்தமாகப் போவது. அதற்குச் செயலி நிறுவனம் நமக்கு நேரடி உத்தரவாதம் தராது. கணினிப் பாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் விலை விசாரிக்கும்போது ஒரே செயலிக்குக் கடைக்குக் கடை விலை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த பொருள்களுக்கு இந்தியாவில் சேவை கிடைக்காமல் போகலாம்; அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலிப் பெட்டிகள் அனைத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் உரிமத்தை மறக்கவேண்டாம். ஆயத்தக் கணினியின் விலைக்குள் அது அடங்கியிருக்கிறது. சேர்த்துத் தரும் கணினியில் தனியே வாங்கவேண்டும். உரிமமற்ற விண்டோஸை ஏற்றித் தரும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில் அதற்கு இடம் தரவே கூடாது. ஓஇஎம் (கணினியோடு சேர்த்து விற்கப்படும்) உரிமம் முதலில் ஏறிய மதர்போர்டோடு கட்டுண்டது. சில்லறை உரிமத்தை அடுத்த கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நிழற்படங்களும் வீடியோக்களும் குவியும் தொழில் என்பதால் சேமிப்பைப் பற்றியும் ஒரு சொல். எடிட் செய்யும் காட்சிகளுக்கு வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியும், முடித்த வேலைகளுக்கு ஹார்டு டிஸ்க்கும் என்று பிரித்துக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கின் நகலை வேறோர் இடத்தில் வையுங்கள். எந்த உத்தரவாதமும் பாகத்தைத்தான் திருப்பித் தரும். அதில் இருந்த திருமணத்தைத் தராது.

600 விஏ யூபிஎஸ் போதாது. அந்த அளவுடையவை பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். மின்சுற்று சொன்ன கணினி ரெண்டர் செய்யும்போது (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும்போது) அதைத் தாண்டிவிடும். மானிட்டரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1 கேவிஏவுக்குக் குறையாமல், வாட் அளவையும் பார்த்து வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் அது சைன் அலை வகையாக இருக்கவேண்டும். யூபிஎஸ் நிலையில் வைத்தால்தான் மின்சாரம் மாறும் இடைவெளியில் கணினி அணையாது. கேபினெட்டைத் தொட்டால் விர்ரென்று இருந்தால் பிளக்கில் எர்த் சரியில்லை என்று பொருள். புதுக் கணினியை இணைக்குமுன் மின்பணியாளரைக் கொண்டு அதைச் சரிபாருங்கள்.

மின்சுற்று

ஹெச்.264 4:2:2 என்று சொன்னதால் ஒரு திருத்தம்: 265கே செயலியின் உள்ளமைந்த கிராபிக்ஸ் அந்த வகையை விரிக்காது, ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு விரிக்கும். எனவே உங்களுக்குக் கார்டு கட்டாயம். முடிந்தால் கேமராவையும் ஹெச்.265இலேயே வைத்துப் பதிவு செய்யுங்கள்.

கடைக்காரர் சேர்த்துத் தந்தபின் மூன்று விஷயங்களைப் பாருங்கள். டிடிஆர்5 ரேமுடன் முதன்முறை இயக்கும்போது, மதர்போர்டு நினைவகத்தைப் பழக்கப்படுத்திக்கொள்ளும்வரை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமின் வேக அமைப்பான எக்ஸ்எம்பியை இயக்காவிட்டால் ரேம் தன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடாது. மானிட்டர் கேபிள், மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும்.

அலுவலகப் பராமரிப்பு

கடைக்காரர் சேர்த்துத் தருவதோடு, குறைந்தது ஓராண்டு பழுதைக் கண்டறிந்து பாகத்தை அவரே சேவை மையத்துக்கு அனுப்பித் தருவதாக எழுதிக்கொடுத்தால் என் எதிர்ப்பில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. அதற்கு அவர் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள், நியாயமானதே. எழுதித் தர மறுத்தால் ஷோரூம் கணினியையே வாங்குங்கள், ஆனால் கார்டு 50 வரிசையா என்று பார்த்த பிறகு.

வாங்கும் காலத்தையும் கவனியுங்கள். புதிய பாகங்களின் குறைகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெளிப்படும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் வாங்கி, பழைய வேலைகளை அதில் ஏற்றி நாள் முழுவதும் ரெண்டர் செய்து பார்த்தால், ஆவணிக்கு முன் மாற்றவேண்டியதை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். பணம் கட்டுமுன் உங்கள் கேமராவின் இரண்டு வகைக் காட்சிகளையும் பென்டிரைவில் எடுத்துச் சென்று, இரண்டு இடங்களிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.