கலர் கிரேடிங்: தமிழில் என்ன சொல்லலாம்? கலைச்சொல் குழு மடல்கள்

மதுரையிலிருந்து, காட்சித் தொடர்பியல் ஆசிரியர்:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் மாணவர்களுக்கான படத்தொகுப்புச் செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ‘கலர் கரெக்‌ஷன்’, ‘கலர் கிரேடிங்’ என்னும் இரண்டில்தான் பணி நிற்கிறது. வகுப்பில் புழங்கும் பழைய பாடக்குறிப்பு இரண்டையும் ‘வண்ணத் திருத்தம்’ என்றே சொல்வதால், மாணவர்கள் இரண்டையும் ஒரே வேலையாக எண்ணிக்கொள்கிறார்கள்.

முன்பு இது ஸ்டுடியோக்காரர்களின் கவலையாக மட்டும் இருந்தது. நிறவேலைக் கருவிகள் செய்துவந்த டாவின்சி நிறுவனத்தை 2009இல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வாங்கியது. 2011இல் அதன் ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு வந்தது. 2023இல் வெளிவந்த ‘ஐபோன் 15 புரோ’, பின்னால் நிறம் சேர்க்க இடம் விட்டு வெளிறலாகப் பதியும் ‘லாக்’ முறையிலும் படம் பிடிக்கிறது. கைப்பேசியில் எடுத்த காட்சியே சாம்பல் பூத்தாற்போல வெளிறி வந்து நிற்கும்போது, முதலாண்டு மாணவருக்கும் இச்சொற்கள் தேவைப்படுகின்றன.

ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன். டீக்கடைக்குள் எடுத்த உரையாடல். ஒருவர் வாசல் வெளிச்சத்தில் நிற்கிறார், மற்றவர் குழல்விளக்கின் அடியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருப்பவரின் முகத்தில் பச்சை படிந்திருக்கிறது. மென்பொருளில் ஒளிமிக்க பகுதிகளை அதிகம் மாற்றும் ‘கெயின்’ வட்டத்தை மெஜந்தா பக்கம் சற்றே நகர்த்தி, நிறத்தை அளந்து காட்டும் வெக்டார்ஸ்கோப்பில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஓடும் தோல்நிறக் கோட்டின் அருகே இரண்டு முகங்களையும் கொண்டுவருவது கரெக்‌ஷன். அது முடிந்தபின், அவர்கள் பிரியப்போகிறார்கள் என்பதற்காக நிழல்களில் நீலத்தை ஏற்றி, வெளிச்சத்தை அடக்கிவைப்பது கிரேடிங். முன்னதைச் சரியா தவறா என்று கருவியில் பார்த்துச் சொல்லிவிடலாம். பின்னதை அப்படிச் சொல்ல முடியாது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘நிறத்திருத்தம்’, ‘நிறத் தரப்படுத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

சென்னையிலிருந்து, கலரிஸ்ட் (படங்களுக்கு நிறம் அமைப்பவர்):

‘தரப்படுத்தல்’ வேண்டவே வேண்டாம். தேயிலையையும் முட்டையையும் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கிற வேலை அது. நாங்கள் எதையும் அப்படிப் பிரிப்பதில்லை. படச்சுருள் காலத்தில், நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீல ஒளிகளுக்கு ஷாட்டுக்கு ஷாட் 1 முதல் 50 வரை புள்ளி வைப்பார்கள். பிரித்தானியர் அதைக் கிரேடிங் என்றார்கள், அமெரிக்கர் டைமிங் என்றார்கள். இரண்டு பெயருமே இன்றைய வேலையை விளக்குவதில்லை, ஆனாலும் வழங்குகின்றன.

கோடம்பாக்கத்தில் நாங்கள் நாளெல்லாம் சொல்வது ‘டி.ஐ.’தான், அதாவது ‘டிஜிட்டல் இன்டர்மீடியட்’, டிஜிட்டல் இடைநிலை. சுருளை ஸ்கேன் செய்து, கணினியில் நிறம் பார்த்து, மறுபடி நெகட்டிவில் பதித்த நாட்களில், நடுவே இருந்த அந்தக் கட்டத்துக்கு வைத்த பெயர் அது. இன்று கேமராவும் டிஜிட்டல், திரையரங்கும் டிஜிட்டல். இடைநிலை என்று ஒன்று இல்லவே இல்லை. அப்படியும் ‘படம் டி.ஐ.யில் இருக்கிறது’ என்றால் தயாரிப்பாளர் முதல் டிரைவர் வரை எல்லோருக்கும் புரிகிறது. வழக்கில் வேரூன்றிய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? ‘கிரேடிங்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி கலரிஸ்ட் சொன்ன வரலாறு எனக்குப் புதிது, நன்றி. ஆனால் அவருடைய முடிவை ஏற்க இயலவில்லை. வழக்கில் இருப்பதே போதும் என்றால் இந்தக் குழுவுக்கே வேலை இல்லை.

ஆசிரியர் கேட்கும் வேறுபாடு நம்மிடம் முன்பே இருக்கிறது. தொல்காப்பிய உரியியல், கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியைக் குறிக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்று அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறது. உணர்ச்சி முன்னே, நிறம் பின்னே. கிரேடிங் என்பது இந்த முதல் நூற்பாவின் வேலை. கரெக்‌ஷன் இரண்டாவதன் வேலை. ஆகவே அளந்து பார்க்கக்கூடியதற்கு ‘நிறம்’ என்பதும், உணர்வும் பாங்கும் கலந்ததற்கு ‘வண்ணம்’ என்பதும் பொருந்தும். ‘அவ்வண்ணம்’ என்னும்போது நாம் நிறத்தையா சொல்கிறோம்? செய்யுளியலில் வண்ணம் என்பது இருபது வகைச் சந்த வேறுபாடு. அகலிகை சாபம் நீங்கிய இடத்தில் கம்பர் கைவண்ணம், கால்வண்ணம் என்று அடுக்குவதை நண்பர்கள் அறிவீர்கள். கிரேடிங் என்பதற்குக் ‘கைவண்ணம்’ என்றே முன்மொழிகிறேன்.

கலரிஸ்டுக்கும் சொல் உண்டு. சங்கப் புலவர் பெயர்களில் வரும் ‘வண்ணக்கன்’ என்பதற்கு நாணயம் பார்ப்பவன் என்று பொருள். பொன்னின் நிறம் பார்த்து மாற்று, அதாவது அதன் தூய்மை, அறிகிறவன் என்பதால்தான் அவன் வண்ணக்கன் ஆனான் என்று கருதுகிறேன். மாற்று என்பதும் ஒரு தரம்தானே! அங்கே நிறமும் தரமும் ஒரே கண்ணில் கூடுகின்றன. ‘வண்ணக்கர்’ என்று தம்பியை அழைக்க எனக்கு விருப்பம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் மடலைப் பலமுறை வாசித்தேன். உரியியலைக் கொண்டு அவர் காட்டிய வேறுபாட்டை இனி நானும் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் ‘கைவண்ணம்’ இன்று கைத்திறன் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. மென்பொருளின் பட்டியில் அந்தச் சொல்லைக் காணும் மாணவர் கைவினைப் பொருள் என்றே நினைப்பார். ‘வண்ணமாக்கம்’, ‘வண்ணமூட்டல்’ என்று மாற்றினாலோ, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் ஏற்றும் வேலையோடு குழம்பும்.

நான் முன்வைப்பது ‘நிறப்பதம்’. சோற்றுக்கும் பாகுக்கும் பதம் பார்க்கிறோம். பதத்தை அளவுகோல் சொல்லாது, கைப்பழக்கம் உள்ளவருக்குத்தான் தெரியும். ‘நிறப்பதம் பார்த்தாயா?’, ‘இந்தக் காட்சிக்குப் பதம் கூடிவிட்டது’ என்று வினையாகவும் இயல்பாகப் பேசலாம். சொல் குறுகியது, பொத்தானில் அடங்கும். கரெக்‌ஷனுக்கு ‘நிறத்திருத்தம்’ இருக்கட்டும்.

கோவையிலிருந்து, தனித்தமிழ் ஆர்வலர்:

‘வண்ணம்’ போனதில் எனக்கு மகிழ்ச்சி. அது வர்ணத்தின் திரிபு. ஆனால் ‘பதம்’ மட்டும் என்ன? சொல், அடி என்னும் பொருள்களில் அது வடமொழிதான். ‘நிறச்செவ்வி’ என்று வைத்துவிடலாமே. செவ்வி என்பது பக்குவமும் அழகும் ஒருங்கே தரும் தூய சொல்.

தஞ்சாவூரிலிருந்து:

அந்தப் பதம் வேறு, இந்தப் பதம் வேறு. தோலைப் பதனிடுகிறோம், பனையிலிருந்து பதநீர் இறக்குகிறோம். இவற்றின் பதன் பக்குவத்தைக் குறிப்பது, அடியை அல்ல. ‘செவ்வி’ நல்ல சொல்தான். ஆனால் இன்று அதைப் பேசுவோர் யார்? விளங்காத தூய்மையை மாணவர் தலையில் ஏற்றுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. கைவண்ணத்தை விட்டுக்கொடுக்க மனம் இல்லாவிட்டாலும், பதத்துக்கு என் எதிர்ப்பு இல்லை.

மதுரையிலிருந்து:

வியாழன் இரவாகிவிட்டது. மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘நிறப்பதம்’ பக்கம் நிற்பதால், கையேட்டில் ‘நிறத்திருத்தம்’, ‘நிறப்பதம்’ என்று இடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘கலர் கிரேடிங்’ என்பதையும் சேர்த்துவிடுவேன், மாணவர் இணையத்தில் தேடக் கைகொடுக்கும். செவ்வியைக் கலைச்சொல் பட்டியலில் மாற்றுச் சொல்லாகக் குறிக்கிறேன். மென்பொருளில் வெளிச்ச அளவை மாற்றும் லிஃப்ட், காமா, கெயின் என்னும் மூன்று கட்டுப்பாடுகளையும் ‘இருள், இடை, ஒளி’ என்று போட்டிருக்கிறோம். மறுப்பு இருந்தால் காலைக்குள் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து:

மறுப்பு இருக்கிறது. லிஃப்ட் இருளை மட்டும் தொடுவதில்லை. அது கறுப்பை உயர்த்தும்போது இடைநிறங்களும் கூடவே ஏறுகின்றன, உச்ச வெள்ளை மட்டும் அசையாமல் நிற்கிறது. கெயின் பெருக்கல் போன்றது: கறுப்பு நிற்க, மற்றவை விரியும். காமா இரு முனைகளையும் விட்டுவிட்டு நடுவை வளைக்கிறது. ‘இருள், இடை, ஒளி’ என்று பகுதியின் பெயரைச் சொல்லிக் கற்றவர், நிழலை மட்டும் மாற்ற நினைத்து முகத்தையும் சேர்த்து வெளுக்கவைத்துவிட்டு, ஏன் என்று தெரியாமல் திகைப்பார். அவை செய்யும் செயலைச் சொல்லுங்கள்: ‘ஏற்றம், வளைவு, பெருக்கம்’.

நிறப்பதத்தைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. கையேட்டில் அதைப் படித்துவிட்டு எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இங்கே டி.ஐ. என்ற சொல்லைத்தான் கேட்பார்கள். அந்த ஈரெழுத்தையும் பட்டியலில் சேர்த்து, அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். வேண்டுமானால் அந்த வரிகளை இன்றிரவே நான் எழுதி அனுப்புகிறேன்.