ஜீப் பின் ஹவுசிங்ல உறுமல், எந்த கிரவுன் பினியன் வாங்கணும்? அவசரம்

போடிமெட்டு_வண்டி: பின்னாடி ஹவுசிங் (ஆக்சில் நடுவுல கியர் இருக்கிற கூடு) கொஞ்ச நாளாவே உறுமிட்டு இருந்துச்சு, நேத்து மெட்டு ஏறும்போது கடக் கடக்னு அடிச்சு, ஆயிலை இறக்கிப் பார்த்தா இரும்புத் துண்டு வருது. கிரவுன் பினியன் செட் (உள்ள ஒண்ணையொண்ணு சுத்துற பெரிய பல்சக்கரமும் சின்னதும்) வாங்கணும், கடையில ரேஷியோ என்னன்னு கேக்குறாங்க. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற வண்டி, நின்னா பொழப்பு போயிரும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

வால்பாறை72: என்ன வண்டி அண்ணே? பழைய ஜீப்பா, ஜிப்ஸியா, மஹிந்திரா தாரா? உறுமல் மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, திருப்பும்போது மட்டுமா?

கிராஸ்_பேரிங்: கடக்னு அடிச்சா முக்காவாசி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (ஹவுசிங்கைச் சுத்துற நீளத் தண்டு) முனையில இருக்கிற கிராஸ் ஜாயிண்ட்தான். ஷாஃப்டைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ப்ளே (ஆட்டம்) இருந்தா கிராஸை மாத்தினாலே போதும், ஹவுசிங்கைத் தொடாதீங்க.

வால்பாறை72: ஆயில்ல துண்டு வந்திருக்குன்னு சொல்றாரே. கிராஸ் உடைஞ்சா ஹவுசிங்குக்குள்ள இரும்பு எப்படிப் போகும்?

மூத்த_ஃபோர்வீல்: தம்பி, வண்டி பேரே சொல்லாம பார்ட் கேட்டா யாரு என்ன சொல்ல முடியும்? வாரா வாரம் இதே கதை. கிரவுன் பல்லை பினியன் பல்லால வகுத்தா ரேஷியோ, இது முதல் பாடம். பழைய சிஜே ஜீப்பா இருந்து பின்னாடி டானா 44ங்கிற ஆக்சில் இருந்தா பெரும்பாலும் 43க்கு 8, அதாவது 5.38. 39க்கு 8ம் உண்டு, அது 4.88. கவர் போல்ட்டைக் கழட்டி கிரவுன் ஓரத்துல அடிச்சிருக்கிற நம்பரைப் படிங்க, அழிஞ்சிருந்தா பல்லை எண்ணுங்க.

கம்பம்_கரடு: கவர் திறக்காமலும் பார்க்கலாம். நியூட்ரல்ல போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கி, மத்த சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்க. ஹேண்ட் பிரேக் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) பின்னாடி இருக்கிற வண்டின்னா அதை ரிலீஸ் பண்ணிருங்க, இல்லன்னா ஷாஃப்ட் அசையாது. தூக்கின சக்கரத்தை ரெண்டு முழுச் சுத்து சுத்தினா ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதான் ரேஷியோ. அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மின்னா 4.88, அஞ்சேகாலைத் தாண்டுச்சுன்னா 5.38. முக்கியமா, முன்னாடி ஆக்சிலும் அதே ரேஷியோவான்னு பாருங்க. வேற வேறயா இருந்தா ஃபோர்வீல் போட்டதும் ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்துக் கெடுத்துரும்.

புதுப்பேட்டை_போயிட்டு: புது செட்டுக்குக் காசு ஏன்? பழைய பார்ட் விக்கிற புதுப்பேட்டை, இல்லன்னா உக்கடம் போனா பழைய கிரவுன் கிடைக்கும், உங்க பினியனோட போட்டு ஓட்டுங்க.

வால்பாறை72: அப்படிச் செய்யவே கூடாது அண்ணே. ரெண்டையும் ஜோடியா லேப்பிங் பண்ணி, அதாவது ஒண்ணோடொண்ணு தேய்ச்சுப் பொருத்தித்தான் அனுப்புறாங்க, ரெண்டுலயும் ஒரே மேட்ச் நம்பர் இருக்கும். ஜோடி மாறினா கத்தும், அப்புறம் பல் போயிரும்.

புதுப்பேட்டை_போயிட்டு: எங்க ஊர்ல அப்படித்தான் ஓடுது. எல்லாரும் புது செட் வாங்குற நிலைமையிலயா இருக்காங்க?

மூத்த_ஃபோர்வீல்: மலையில ஆள் ஏத்துற வண்டி அது. ஏத்தத்துல பல் முழுசா போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பழசு வாங்கினாலும் ஜோடியா வாங்கணும், இதுல பேச்சுக்கே இடமில்ல.

புதுப்பேட்டை_போயிட்டு: ஜோடியா வாங்கலாம்னு சொல்லிட்டீங்கல்ல, நானும் பழசுன்னுதான் சொன்னேன்.

மூத்த_ஃபோர்வீல்: மேல போய்ப் படிங்க, கிரவுன் மட்டும்னு எழுதியிருக்கீங்க.

போடிமெட்டு_வண்டி: பழைய சிஜேதான். கவர் திறந்தோம், 43க்கு 8. கிரவுன்ல பல் போயிருக்கு, ஸ்டார் கியரும் (கிரவுனுக்கு நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் கியர்) தேஞ்சிருக்கு. முன்னாடியும் அதே ரேஷியோ. செட் சொல்லியாச்சு, நன்றி எல்லாருக்கும்.

வால்பாறை72: பேரிங்கும் சேர்த்து மாத்துங்க, துண்டு அதுக்குள்ளயும் போயிருக்கும். ஆக்சில் குழாயை டீசல் ஊத்திக் கழுவுங்க. பழைய ஷிம்மை (இடைவெளி சரி பண்ண வைக்கிற மெல்லிசு தகடு) தூக்கிப் போடாம எது எந்தப் பக்கம்னு குறிச்சு வைங்க, பினியன் ஆழம் செட் பண்ண அதுதான் ஆரம்பம். பேக்லாஷ் (ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்கிற ஆட்டம்) டயல் கேஜ்ல 0.15லேருந்து 0.25 மி.மீ.க்குள்ள நிக்கணும், புளூ (அடையாளம் காட்டுற நீல மை) தடவி பல்லு நடுவுல படுதான்னு பார்த்துட்டு அப்புறம் கவரை மூடுங்க. ஆயில் ஜிஎல்-5 தர கியர் ஆயில். மெக்கானிக் கை அளவுல பார்த்துக்கலாம்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க அண்ணே.

கிராஸ்_பேரிங்: கிராஸையும் ஒரு தடவை பார்த்துருங்க.